சர்க்கார் நெல்லும் எங்கள் மிச்ச நாற்றும்

கொல்லம் ஆண்டு 1108-ல் நெல் விலை விழுந்து கிடந்தது. ரங்கூன் அரிசி கப்பல் கப்பலாய் வந்து இறங்க, நாஞ்சில் நாட்டு நெல்லைச் சீந்த ஆளில்லை. அப்போதுதான் சர்க்காருக்கு எங்கள் ஞாபகம் வந்தது. விவசாய இலாகா ஊருக்கு ஒருவரைப் பிடித்துப் புதுவிதை கொடுக்கும்; விளைந்ததைச் சந்தை விலைக்கு மேலே கொடுத்து விதைக்கென்று அதுவே வாங்கிக்கொள்ளும். தோவாளைக்குத் தெற்கே எங்கள் ஊரில் அகப்பட்டவர் ஞானையன்.

அகப்பட்டவர் என்பது தப்பு. அவராகவே போய் நின்றார். இரண்டு பூ, அதாவது இரண்டு போகம், நிலத்துக்காரருக்குக் குத்தகை நெல்லான பாட்டம் சரியாக அளக்கவில்லை. மூன்றாவதும் தவறினால் வயலை வேறு ஆளுக்கு விடுவதாக நிலத்துக்காரர் சொல்லியிருந்தார். இது ஞானையன் யாரிடமும் சொல்லாத ரகசியம். ஆகவே ஊருக்கெல்லாம் தெரியும்.

நடவன்று இலாகா இன்ஸ்பெக்டர் ஐயப்பன் பிள்ளை குடையும் முடிச்சுக் கயிறுமாக வரப்பில் வந்து நின்றார். சாணுக்கு ஒரே நாற்றுத்தான் நடவேண்டும் என்றார். நாங்களோ நாலைந்தைக் கொத்தாக நட்டே பழகியவர்கள்.

“ஒத்த நாத்தா? விருந்துக்கு வந்தவனுக்கு ஒத்தப் பருக்கை வெளம்புன மாதியில்லா இருக்கு!” என்றாள் நடவுக்காரிகளின் தலைவி லீலாபாய்.

“சொன்னதைச் செய்யணும், கேட்டோ,” என்றார் பிள்ளை.

செய்தார்கள். நட்டு முடிந்து அவர் குடையும் கண்ணுக்கு மறைந்தபின் திரும்பிப் பார்த்தால், வயல் மொட்டையடித்த தலை மாதிரி இருந்தது. ஞானையன் கஞ்சி குடிக்கப் போயிருந்தார். பாவம் பார்த்து, பக்கத்து வயலில் மிச்சம் கிடந்த பழைய நெல் நாற்றை எடுத்து அங்கங்கே செருகிவிட்டார்கள். அந்தப் பக்கத்து வயல் எங்களுடையது. கேட்டபோது, “எடுத்துக்கிடுங்க” என்று நான் பெருந்தன்மையாகச் சொன்னதையும் மறைப்பதற்கில்லை.

கஞ்சி குடித்துவிட்டு வந்த ஞானையன், “பரவால்லியே, நெறஞ்சுதான் இருக்கு” என்று சந்தோஷப்பட்டார்.

தை பிறந்ததும் வினை தெரிந்தது. எங்கள் நெல் இடுப்புயரம் எழும்பிச் சிவப்பாய்க் கதிர் தள்ளியது. சர்க்கார் நெல் குட்டையாய், அப்போதுதான் சூல்கட்டி நின்றது. கலந்த நெல்லை விதைக்கு எடுக்கமாட்டார்கள். பிள்ளை பார்வையிட வர நான்கே நாள்.

நட்டவர்களையெல்லாம் ஞானையன் வரப்புக்குக் கூப்பிட்டார். “எவட்டி இதை வச்சது?”

ஒருத்தி சேலையில் ஒட்டிய சேற்றைச் சுரண்டினாள். நானும் வரப்பு மண்ணைக் கவனமாக ஆராய்ந்துகொண்டிருந்தேன்.

“எல்லாத்தையும் பிடுங்கணும்.”

“கதிரு வந்த நெல்லையா?” லீலாபாய் பதறினாள். “பால் பிடிச்சு நிக்க பயிரைப் பிடுங்குன கையால சோறு திங்க முடியுமா? வேணும்னா நீ பிடுங்கு ஞானையா. எங்களால ஆவாது.”

ஞானையன் இறங்கி ஒரு தூரைப் பிடித்தார். இழுக்கவில்லை. குனிந்தபடியே நின்றார். நல்ல கதிர்கள். முற்றினால் வீட்டுக்கு இரண்டு மாதக் கஞ்சி.

“மைனி, இந்த வயலும் போச்சுன்னா நான் எங்க போவேன்?” என்று லீலாபாயைக் கேட்டார்.

ஊரறிந்த ரகசியம் அன்றைக்குத்தான் அவர் வாயால் வந்தது. புதிதாகக் கேட்பதுபோல் முகத்தை வைத்துக்கொள்ள எங்களுக்குக் கொஞ்சம் சிரமமாக இருந்தது.

லீலாபாய் சேலையைத் தூக்கிச் செருகினாள். “ஏட்டி சத்தியபாயி, இறங்கு. கெழக்கு ஓரம் நான் வச்சது, ஓடைப் பக்கம் நீ வச்சது. என்னட்டி முழிக்கே? மாட்டுக்குப் போடுவோம். மாடும் சீவன்தானே?”

மூன்று நாள் பிடுங்கினார்கள். ஒரு கட்டு எங்கள் தொழுவத்துக்கும் வந்தது. நான் வேண்டாமென்று சொல்லவில்லை.

நான்காம் நாள் பிள்ளை வந்து வரிசை வரிசையாகப் பார்த்தார். நடு வயலில் நின்றுவிட்டார். தப்பிப்போன ஒரு சிவப்புக் கதிர். பிள்ளை குனிந்து, அதைத் தன் கையாலேயே பிடுங்கி வரப்பில் எறிந்தார்.

“ஒண்ணு கிடந்தா தோஷமில்ல. கண்டியா? சொன்ன மாதிரி நட்டா எப்படி நிக்குது!”

“நீங்க சொல்லி நாங்க தட்டுவோமா ஏமானே?” என்றாள் லீலாபாய், கண்ணிமைக்காமல்.

மாசியில் நெல் முழுவதும் இலாகா வண்டியில் ஏறியது. ஞானையன் அந்தப் பணத்தோடு பாட்டத்தைத் தீர்க்கப் போனார். “அடுத்த பூவும் நீயே பாருடே” என்று நிலத்துக்காரர் சொன்னாராம். சொன்னாராம் என்று மரியாதைக்குச் சொல்கிறேன். நிலத்துக்காரர் முற்றத்தை ஒட்டிய எங்கள் தொழுவத்துச் சுவருக்கு இந்தப்பக்கம் நின்று என் காதாலேயே கேட்டது அது.