வியாழன் விளிம்பில் ஒரு பொட்டு

கப்பல் டிக்கெட் கவுன்டரைத் திறந்து உட்கார்ந்ததுமே என் போன் துடிக்க ஆரம்பித்தது. தொலைநோக்கியில் கிரகங்களைப் படம் எடுக்கும் எங்கள் குழுவில் ஜோவெலின் தன் வீடியோவிலிருந்து பிரித்த ஒரு படம் போட்டிருந்தாள். வியாழன் கிரகத்தின் இடது விளிம்பில் சின்னதாக ஒரு வெள்ளைப் பொட்டு.

“இன்னிக்கு விடியறதுக்கு முன்னால எடுத்தது. ரெண்டு விநாடி மின்னிட்டு அணைஞ்சிடுச்சு. ஏதோ விழுந்திருக்குன்னு நினைக்கிறேன். வேற யாருக்காவது கிடைச்சுதா?”

குழுவை நடத்தும் தியோடுலோவுக்கு வாய் சும்மா இருக்குமா? “போன மாசம் சனியில புயல். இந்த மாசம் வியாழன்ல வெடி. அடுத்து என்ன, நிலாவுல சினுலோக் திருவிழா ஊர்வலமா?” என்று எழுதினார். போன மாதம் அவள் படத்தை அளவுக்கு மீறிக் கூர்மைப்படுத்தி, அதில் வந்த ஒரு கோடுதான் புயல் என்று நம்பிவிட்டாள். அன்றிலிருந்து அவளுக்குப் ‘புயல் ராணி’ என்று பட்டம்.

கீழே இன்னொரு வரியும் இருந்தது. “கேமராவோட கோளாறா இருக்கும். இன்னொருத்தர் வீடியோ இல்லாம இதைப் பத்திப் பேச்சே கிடையாது.” மனுஷன் வாய் மோசம்தான், ஆனால் இதில் நியாயம் இருந்தது. வேறு இடத்திலிருந்து எடுத்த இரண்டாவது வீடியோ இல்லாமல் எந்த மின்னலையும் யாரும் கணக்கில் எடுப்பதில்லை.

எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. அதே நேரத்தில் செபு தீவில் என் மொட்டை மாடியிலிருந்து நானும் வியாழனைத்தான் எடுத்துக்கொண்டிருந்தேன். அவள் இருப்பது போஹோல் தீவில், நடுவில் கடல். என் வீடியோவிலும் அந்தப் பொட்டு இருந்துவிட்டால் கேமராக் கோளாறு என்று எவனும் சொல்ல முடியாது.

என் படம் ஏற்கெனவே குழுவில்தான் இருந்தது, இதயங்கள் குவிந்துகொண்டிருந்தன. ஆனால் அது இதற்கு உதவாது. நாங்கள் எடுப்பது வீடியோ. அதில் ஆடாத படங்களை மட்டும் கணினி பொறுக்கி, ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கி ஒரே படமாக்கும். ரெண்டு விநாடி மின்னல் அந்த அடுக்கில் காணாமல் போய்விடும். படம் வந்ததும் இடத்தை அடைக்கும் வீடியோவை எல்லோரும் அழித்துவிடுவார்கள். நான் சோம்பேறி. என்னுடையது வீட்டில் அப்படியே கிடந்தது.

‘இரு, எங்கிட்ட வீடியோ இருக்கு’ என்று அவளுக்குத் தட்டினேன். அனுப்பாமல் அழித்தேன். என்னுடையதில் ஒன்றும் இல்லாவிட்டால் அவளுக்கு இரண்டாவது அடி. பார்க்காமல் வாயைத் திறக்கக் கூடாது என்பதுதான் எங்கள் ஆட்களிடம் நான் கற்றது.

கவுன்டரில் கை ஒரு பக்கம், மனம் ஒரு பக்கம். ஒருவர் டிக்கெட்டைத் திருப்பி நீட்டினார்.

“மேடம், நான் ஓர்மோக் போகணும். நீங்க என்னை போஹோலுக்கு அனுப்புறீங்க.”

“குடுங்க, மாத்தித் தரேன்.”

எல்லோரையும் போல என்னை மனாங், அக்கா, என்று கூப்பிடும் பக்கத்துக் கவுன்டர் ரூபிலின் எட்டிப் பார்த்தாள். “என்ன மனாங், யாருக்காவது உடம்பு சரியில்லையா?”

“வியாழனுக்கு.”

“அதுக்குப் பக்கத்துல உங்களை விட்டா ஆளே இல்லையா?”

சாப்பாட்டு நேரம் வந்ததும் ஜீப்னி வண்டியில் தொற்றிக்கொண்டு வீட்டுக்கு ஓடினேன். வீடியோவைத் திறந்தேன். நீரில் மிதப்பது போல வியாழன் ஆடிக்கொண்டிருந்தது. அவள் சொன்ன நேரத்துக்கு நகர்த்தினேன். இடது விளிம்பில் ஒரு பொட்டு பளிச்சென்று ஏறி, மெல்ல அணைந்தது. திரும்ப ஓட்டினேன். திரும்பவும் வந்தது. லேசில் அழாத எனக்குக் கண் நிறைந்துவிட்டது. உடனே அவளைக் கூப்பிட்டேன்.

“ஜோவெலின், எங்கிட்டயும் இருக்கு. அதே இடம், அதே நேரம். உன் வீடியோவை எடு, ரெண்டையும் சேர்த்துப் போடுவோம்.”

“மனாங், நான் அழிச்சுட்டேன்.”

“குழுவில போட்ட பதிவையா?”

“பதிவையும். வீடியோவையும். எல்லாரும் சிரிச்சாங்க. மறுபடியும் நம்மதான் தப்பாப் பார்த்துட்டோம்னு நினைச்சேன். அந்த இடத்துல திருவிழா வீடியோ எல்லாம் ஏத்தியாச்சு, இனி மீட்கவும் முடியாது.”

“மத்தியானம் வரைக்கும் பொறுத்திருக்கக் கூடாதா?”

“நீங்க வீடியோவை அழிக்காம வெச்சிருக்கீங்கன்னு எனக்கு எப்படித் தெரியும்?”

காலையில் தட்டி அழித்த அந்த ஒரு வரி நெஞ்சில் குத்தியது.

என் வீடியோவைக் குழுவில் போட்டேன். ‘முதலில் கண்டவர் ஜோவெலின்’ என்று மேலேயே எழுதினேன். தியோடுலோ இந்த முறை கிண்டல் பண்ணவில்லை. “அசலா இருக்கு மனாங். அவங்க வீடியோ எங்க?” என்று கேட்டார். சொன்னேன். “அப்போ மறுபடியும் ஒண்ணுதான் இருக்கு. வேற யார் எடுத்தீங்க? எல்லாரும் தேடுங்க” என்றார்.

தேடினார்கள். காலையில் சிரித்தவர்கள் எல்லோரும் தேடினார்கள். படம் இருக்கு, வீடியோ இல்ல. படம் இருக்கு, வீடியோ இல்ல. பதில்கள் இப்படியே வந்தன. கடைசியில் தியோடுலோவும் அதையேதான் எழுதினார். அந்த விடியலின் வியாழன் விதவிதமாக, கொள்ளை அழகாகக் குழு முழுக்க நின்றது. ஒன்றிலும் பொட்டு இல்லை.

சாயங்காலம் ஜோவெலின் கூப்பிட்டாள். “நீ கண்டுபிடிச்சதுதான், எனக்குத் தெரியும், அது போதாதா” என்று ஆரம்பித்தேன்.

“போதாது மனாங்” என்று வெட்டினாள். அழுதிருந்தாள். “ஆனா நீங்க பார்த்தீங்கல்ல?” என்றாள்.

“பார்த்தேன்.”

“நிஜமா இருந்துச்சுல்ல?”

“இருந்துச்சு” என்றேன். அவள் மறுபடியும் கேட்டாள். நானும் மறுபடியும் சொன்னேன்.