கண் மூடாத ஜெபம்

காலர் தைப்பவளின் மெஷின் அருகே துணிக்கட்டு தயாராக வந்து உட்கார்ந்திருந்தது. நேற்றும் இப்படித்தான். வெட்டும் மேசையிலிருந்து அவரவர் கட்டை அவரவர்தான் தூக்கி வரவேண்டும். இரண்டு மெஷின் தள்ளி, ஜெபக்கா ஒன்றும் தெரியாதவள்போலச் சட்டைக்குக் கை வைத்துத் தைத்துக்கொண்டிருந்தாள்.

"யாருக்கா உங்களத் தூக்கச் சொன்னது?"

"சும்மாதானம்மா. வர்ற வழிதானே."

சும்மா என்ற சொல்லே காலர்காரிக்கு ஆகாது. சும்மா யார் யாருக்கு என்ன செய்கிறார்கள்? கட்டிக்கொண்டவனை நம்பவே அவளுக்கு மூன்று வருஷம் பிடித்தது. அவனும் கட்டட வேலையில் சாரத்திலிருந்து விழுந்து, கட்டுப்போட்ட காலோடு படுத்திருக்கிறான். இப்போது அவளுக்கு நாலாம் மாதம். இந்தக் கம்பெனியில் வயிறு தெரிந்தால் அன்றோடு வேலை போச்சு.

போன வாரம் கழிப்பறையில் குமட்டியபோது, பின்னால் வந்து நெற்றியைத் தாங்கிப் பிடித்தது ஜெபக்காதான்.

"அக்கா, யார்கிட்டயும் மூச்சு விட்றாதீங்க."

"ஆண்டவர்கிட்ட மட்டும் சொல்றேம்மா."

அந்த இடம்தான் இடித்தது. சாப்பாட்டு வேளையில் அட்டைப்பெட்டி அடுக்குக்குப் பின்னால் ஜெபக்காவோடு நாலைந்து பேர் ஜெபத்துக்கு முழங்கால் போடுவார்கள். அங்கே போய் மனம்விட்டு அழுத இரண்டு பேருக்கு அந்த மாதமே வேலை போனது. ஒருத்திக்குக் காசநோய். இன்னொருத்தி தொழிற்சங்கத்தில் சேர்ந்தவள். கடவுளிடம் சொன்னது சூப்பர்வைசர் காதுக்கு எப்படிப் போனதாம்?

பார்த்துவிடுவோம் என்று மறுநாள் அவளும் போய் உட்கார்ந்தாள். ஜெபக்காவுக்கு முகமெல்லாம் பல். எல்லோரும் கண்ணை மூடினார்கள். காலர்காரி மூடவில்லை.

"அப்பா, இருட்டுல கிடக்கிற எங்களுக்கு நீர்தான் வெளிச்சம். இங்க ஒரு மக வயித்துல பிள்ளையோட பயந்து பயந்து வேலை பாக்குறா. அவளத் தாங்கும்."

காலர்காரிக்குப் பகீரென்றது. பேர் சொல்லவில்லைதான், ஆனால் இவ்வளவு போதாதா? பதறிப்போய்ச் சுற்றிப் பார்த்தாள். எதிரே, தைத்த சட்டைகளைச் செக்கிங் பார்ப்பவளின் கண்களும் திறந்திருந்தன. அவை ஒவ்வொரு வயிறாகப் பார்த்துக்கொண்டு வந்தன. காலர்காரி சாப்பாட்டு டப்பாவை மடியில் இழுத்து வைத்துக்கொண்டாள்.

போட்டுக்கொடுப்பது இவள்தானா! கண்ணை மூடிக்கொண்டு பேசுகிற ஜெபக்காவுக்கு, கூட யார் கேட்கிறார்கள் என்று எங்கே தெரியப்போகிறது?

ஒரு மணிநேரம்கூட ஆகவில்லை, சூப்பர்வைசர் ஜெபக்காவின் மெஷின் முன்னால் வந்து நின்றார்.

"யாரு அந்தப் பிள்ளைத்தாச்சி?"

"ஜெபத்துல சொன்னது சார் அது."

"பேரச் சொல்லு. இல்லேன்னா நீ கிளம்பு."

மெஷின்கள் ஒவ்வொன்றாக நின்றன. ஜெபக்கா தைத்துக்கொண்டிருந்த சட்டைக் கையை முடித்து, நூலை நறுக்கினாள். காலர்காரி இருந்த பக்கம் தப்பித்தவறிக்கூடத் திரும்பவில்லை.

"தெரியாதுன்னு பொய் சொல்லமாட்டேன் சார். சொல்லவும் மாட்டேன்."

நான்தான் சார் என்று ஒரு வார்த்தை போதும். கட்டுப்போட்ட காலோடு படுத்திருப்பவன் காலர்காரியின் கண்ணுக்குள் வந்தான். அவமானத்தில் காது சுட, குனிந்து அடுத்த காலரை எடுத்தாள்.

ஜன்னல் வழியே வாசல் தெரிந்தது. காவல்காரி ஜெபக்காவின் பையைக் கொட்டிக் கிளறினாள். வேதப்புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்து உதறினாள். எதுவும் விழவில்லை. பன்னிரண்டு வருஷம் வேலை பார்த்த ஜெபக்கா, புத்தகத்தின் மடங்கிய தாள்களை நீவிவிட்டு நடந்தாள்.

மறுநாள் சூப்பர்வைசர் காலர்காரியிடம் சொன்னார்: "ஆள் வர்ற வரைக்கும் அவ கட்டையும் நீயே பாரு."

வெட்டும் மேசையருகே செக்கிங்காரி நின்றிருந்தாள். பார்வை இவள் இடுப்பில் இருந்தது. அப்பா, அந்த அக்காவத் தாங்கும் என்று காலர்காரி வாழ்க்கையில் முதல்முறையாக உள்ளுக்குள் சொன்னாள். உதடு அசையவில்லை, கண்ணையும் மூடவில்லை. வயிறு மறையும்படி ஒரு துணிக்கட்டை அணைத்துத் தூக்கி வந்து போட்டுவிட்டு, அடுத்ததை எடுக்கத் திரும்பிப் போனாள்.