திம்மப்பன் பெயரில்

...ஒரே பெயர் எப்படி வரும், அத்தனை குறைக்கும் ஒரே ஆளா, நேற்றுச் சாயங்காலம் முதல்முதலாகச் சீட்டுகள் அச்சாகி விழும்போது ஒன்றையாவது கையில் எடுத்துப் படித்திருக்கலாம், படிக்கவில்லை, பஸ் போய்விடுமென்று பையை மாட்டிக்கொண்டு ஓடியாயிற்று, என்ன பெரிய பஸ், இன்றைக்கு அதே டவுன் பஸ் ரயில்வே கேட்டில் கல்லு மாதிரி நிற்கிறது, கூட்ஸ் வண்டி வருமா வராதா என்று கேட்கீப்பருக்கே தெரியாது போலிருக்கிறது. ஜோதியம்மாள் மேல்கம்பியைப் பிடித்துக் குனிந்து ஜன்னல் வழியே பார்த்தாள், இறங்கி நடந்துவிட்டால் என்ன, மத்திகிரியிலிருந்து சிப்காட்வரை நடக்கிறதா, பைத்தியமா உனக்கு... நின்றாலும் பைத்தியம்தான் பிடிக்கும். ஸ்டாப்பில் கெம்பம்மா சொன்னது காதை விட்டுப் போகமாட்டேன் என்கிறது. கம்பெனி கேன்டீனில் ராத்திரி வேலை முடித்து வந்து இறங்கினவள், தூக்கமில்லாமல் கண் சிவந்து, பக்கத்து வீட்டுப் பெண்ணாயிற்றே என்று நின்று சொன்னாள். "ஸ்டோர்ஸ் திம்மப்பண்ணனை கேட்டுலயே நிறுத்திட்டாங்கம்மா. கம்ப்யூட்டர்ல என்னமோ திருட்டு வேலையாம், வந்த சீட்டு பூரா அவர் பேர்தானாம். எனக்கு ஒண்ணும் கொத்தில்ல, தெரியல. டிபன் டப்பாவோட வெளியவே நிக்குது அந்த மனுசன்." நீ கம்ப்யூட்டரில்தானே இருக்கிறாய், பார்த்துச் சொல்லேன் என்று வேறு கேட்டுவிட்டுப் போனாள். பார்த்துச் சொல்வதாம்! அந்தக் கண்றாவியை எழுதினவளே இவள்தானே.

எழுதும்போது கண்றாவியாகவா இருந்தது? சோறு தண்ணி மறந்து எழுதியது. இரண்டாயிரம் பிறக்கும்போது கம்ப்யூட்டர்களுக்கு என்ன ஆகுமோ என்று ஊரே நடுங்கிக்கொண்டிருந்த வருஷம், வெளிநாட்டு வாடிக்கையாளர்கள் பாதுகாப்பு, பாதுகாப்பு என்று கேட்டுத் துளைத்ததால், வாராவாரம் எல்லாக் கம்ப்யூட்டரையும் சோதிக்கிற புரோகிராம் ஒன்றைக் கம்பெனியில் ஓட்டினார்கள். எந்தப் பாஸ்வேர்டு சுலபம், எந்தக் கோப்பை யார் வேண்டுமானாலும் திறக்கலாம், யார் பெயரில் எங்கே வேலை நடக்கிறது என்று அது தலையணை கனத்துக்கு ஓர் அறிக்கை கக்கும், ஒருவரும் படிக்கமாட்டார்கள், கிழித்து வடை மடிக்கத்தான் ஆயிற்று. அது ஜோதியம்மாளுக்குப் பொறுக்கவில்லை. கறுப்புத் திரையில் kurai என்று அடித்து என்டர் தட்டினால் போதும், அறிக்கையைத் தானே படித்து, குறைக்கு ஓர் எண், ஒரு கெடு, பொறுப்பாக ஓர் ஆள் என்று பிரித்துச் சீட்டு அச்சடித்துவிடும், தீர்கிறவரை விடாமல் நச்சரிக்கும், அப்படி ஒன்றை எழுதினாள். ஆள் பெயர் இல்லாமல் ஒரு குறைகூட இருக்கக் கூடாது, இருந்தால் எவனும் செய்யமாட்டான் என்று அவளுடைய மேலாளர் பெருமாள் சார் சொன்னார், அதையும் சேர்த்தாள். பெயர்ப் பகுதி காலியாக இருந்தால் ஏற்காது. சீட்டுக்கு ஒரு நகல் பர்சனல் டிபார்ட்மென்டுக்கும் போகட்டும் என்றார், சரி என்றாள். எதற்கு அங்கே போக வேண்டும் என்று ஒரு வார்த்தை கேட்டாளா? கேட்கவில்லை, பாராட்டினாரே என்று தலைகால் புரியாமல் இருந்தாள், புத்தி கெட்டவள்.

கேட் திறந்தது, பஸ் உறுமி ஏறி இறங்கியது, யாரோ காலை மிதித்தார்கள், அப்போதுதான் மண்டையில் உறைத்தது ஏன் எல்லாம் ஒரே பெயர் என்று. பூஜை. அட கடவுளே, அந்தப் பூஜை! பிரிவு பிரிவாகக் கம்ப்யூட்டர் வந்து இறங்கிய அன்று, சந்தனம் குங்குமம் வைத்து, எலுமிச்சம்பழம் நசுக்கி, முதலில் யார் திறப்பது என்று பேச்சு வந்தபோது திம்மப்பனைக் கூப்பிடு என்றார்கள். கைராசிக்காரர். அவர் இடம் காட்டி போர் போட்டால் தண்ணீர் வரும், அவர் கைபட்டு ஓட ஆரம்பித்த பிரஸ் மிஷின் இன்றுவரை மக்கர் பண்ணியதில்லை, அப்படியொரு பெயர் அவருக்கு. மனிதர் கூச்சத்தோடு கையை வேட்டியில், இல்லை, அன்றைக்குக் காக்கிப் பேண்ட், பேண்டில் துடைத்துக்கொண்டு, ஒவ்வொரு கம்ப்யூட்டராகப் போய் அவர் பெயரிலேயே திறந்து கொடுத்தார். அவ்வளவுதான், அதற்குப் பிறகு எவனும் அந்தப் பெயரை மாற்ற விடவில்லை, ராசியான கை திறந்தது, நல்லா ஓடுது, அதைப் போய் எதற்குக் கலைக்கிறே என்றார்கள். மூன்று ஷிப்டும் அவர் பெயரில்தான் வேலை. அவர் என்னவோ ஸ்டோர்ஸில் போல்ட்டும் நட்டும் எழுதுவதோடு சரி. ஆனால் சோதிக்கிற புரோகிராமுக்கு ராசி தெரியுமா, ராத்திரியும் பகலும், கணக்கிலும் டிராயிங்கிலும், ஒரே ஆள் புகுந்து புகுந்து வருகிறான் என்று அது எழுதும், இவள் கட்டளை அதை எடுத்துச் சீட்டுச் சீட்டாகக் கிழித்து அவர் கழுத்தில் மாட்டும். மெட்ராஸிலிருந்து புதிதாக வந்த பர்சனல் ஆபீசருக்கு இந்தக் கதையெல்லாம் எங்கே தெரியப்போகிறது. மற்றவர்களுக்கெல்லாம் தெரியும். தெரிந்தவன் வாய் திறப்பானா? திறந்தால், நானும் அடுத்தவன் பெயரில்தான் வேலை செய்தேன் என்று ஒப்புக்கொள்ள வேண்டும், மெமோ வரும். இந்த மாதம்தான் அவரைப் பர்மனென்ட் ஆக்குவதாக இருந்தது, இத்தனை வருஷம் டெம்பரரியாகவே கிடந்த மனிதர்...

கம்பெனி கேட்டுக்கு வெளியே, லாரிகள் திரும்புகிற இடத்தில் அவர் நின்றிருந்தார். சத்தம் போடவில்லை, சண்டை போடவில்லை, யாரையும் திட்டவுமில்லை. இவளைப் பார்த்ததும் இரண்டு எட்டு முன்னால் வந்தார்.

"ஏம்மா ஜோதி, நான் எதையாவது தப்பா அமுக்கிட்டனா?"

இல்லண்ணா, இருங்க, இதோ வந்துடறேன் என்று சொன்னாளா, சொல்ல நினைத்தாளா, படிகளை எப்படி ஏறினாள் என்றே தெரியவில்லை, அறையில் பெருமாள் சார் அவளுக்கு முன்னாலேயே வந்து உட்கார்ந்திருந்தார். அவருக்கும் எல்லாம் தெரியும், அன்றைக்குக் கற்பூரம் காட்டியதே அவர்தான். நடந்ததை அப்படியே ஆபீசரிடம் போய்ச் சொல்லலாம் சார் என்றாள். அதெல்லாம் வேண்டாம் என்று கையமர்த்தினார் அவர். ஒரு மணி நேரத்தில் சஸ்பென்ஷன் டைப் ஆகிவிடும், அதற்குள் சீட்டுகளை வேறு பெயருக்கு மாற்று, ஏதோ புரோகிராமில் பிசகு, ஆள் மாறிவிட்டது என்று நான் பேசிக்கொள்கிறேன் என்றார். யார் பெயருக்கு சார்? அவர் எழுந்து கதவருகே போய்த்தான் பதில் சொன்னார். "யார் பேரையாவது போடும்மா. அந்தாளு முதல்ல உள்ள வரட்டும்."

உட்கார்ந்தாள், அடித்தாள், திரை peyar? என்று கேட்டது. காலியாக விட்டு என்டர் தட்டினாள், மறுபடி peyar? என்றது, அப்படித்தானே எழுதி வைத்தாள். ellorum என்று அடித்தாள், அப்படி ஓர் ஆள் இல்லை என்றது. ஊருக்கே தெரிந்த உண்மையை வாங்கிக்கொள்ள இதில் ஓர் இடம் இல்லையே, ஏன் வைக்கவில்லை, வைக்க வேண்டுமென்று தோன்றவே இல்லையே... பெருமாள் சார் பெயரைப் போட்டால்? கதவுப் பக்கம் திரும்பிப் பார்த்துக்கொண்டாள். தன் பெயர்? போடலாம், ஏன் போடக்கூடாது, பிசகியது இவள் புரோகிராம்தானே, ஆனால் இவளும் இன்னும் பயிற்சிக் காலத்தில்தான் இருக்கிறாள், அனுப்பிவிட்டால் சொந்த ஊர் மத்தூருக்குப் போய் நிற்க வேண்டும், படித்துக் கிழித்தது போதும் என்று அடுத்த முகூர்த்தத்திலேயே யாருக்காவது கட்டி வைத்துவிடுவார்கள். வேறு யார், வேறு யார், பேக்கிங் முனிவேல், அவன் கத்துவான், யூனியனைக் கூப்பிடுவான், கணக்குப் பிரிவு சாந்தம்மா, அவள் மாமா டைரக்டருக்கு வேண்டியவர், கேன்டீனிலும் கூப்பனுக்கு ஒரு கம்ப்யூட்டர் இருக்கிறது, கெம்பம்மா பெயர் அதில் உண்டு, அவளுக்கு இது என்னவென்றே புரியாது, கேட்கவும் மாட்டாள்... k என்று திரையில் விழுந்திருந்தது. எப்போது அடித்தாள்? கேட்கமாட்டாள். கேட்கமாட்டார். பூஜை அன்றைக்குப் பிரஸ் ஷாப் ஃபோர்மேனையும்தான் ராசிக்காரர் என்பார்கள், அவரை ஏன் ஒருவரும் கூப்பிடவில்லை, என் பெயரில் எதற்கு என்று அவர் கேட்டிருப்பார், திம்மப்பன் கேட்கவில்லை, கேட்கமாட்டார் என்று சந்தனம் குழைத்தவர்களுக்கெல்லாம் தெரிந்திருக்கிறது, அதற்குத்தான் ராசி என்று பெயர் வைத்தோமா, என் கம்ப்யூட்டரையும் நீங்களே திறந்து கொடுங்கண்ணா என்று இவளும்தானே போய் நின்றாள்... k-ஐ அழித்தாள். j அடித்தாள். அடுத்த எழுத்து எங்கே இருக்கிறது என்று விரலுக்குத் தெரியும், ஆனால் அது நகரவில்லை. ஜன்னலுக்குக் கீழே ஒரு லாரி ஹாரன் அடித்தது, திம்மப்பன் அதற்கு வழிவிட்டு இன்னும் கொஞ்சம் தள்ளிப்போய் நின்றுகொண்டார்.