முன்ன மாதிரி ஓடினா போதும்

பண்டாரவளையில் றவூப்பின் கடைப் பலகையில் ‘கடிகாரம், ரேடியோ, கிராமபோன் பழுது பார்க்கப்படும்’ என்று எழுதியிருந்தது. எழுபத்திரண்டாம் வருஷம் முழுக்கக் கிராமபோனோடு படியேறியவர்கள் இரண்டே பேர். அவர்களும் புருஷன் பெண்சாதி.

தெமோதரைப் பக்கத்துத் தோட்டத்திலிருந்து வந்த இராமையா பெட்டியை மேசையில் இறக்கினார். மனைவி கருப்பம்மா அதன் மேல் வைத்த கையை எடுக்கவில்லை.

“நின்னு போச்சு மொதலாளி. முன்ன மாதிரி ஓடினா போதும்.”

“முன்ன எப்பிடி ஓடிச்சு?”

“காலங்காத்தால வச்சா இழுத்து இழுத்துப் பாடும். செத்துப்போன எங்க மவன் பேசுற மாதிரியே இருக்கும். அவனுக்கு இழுப்பு நோவு, மூச்சு வாங்கி வாங்கித்தான் பேசுவான். இவ அதக் கேட்டுட்டுத்தான் பெரட்டுல பேர் குடுத்து வேலைக்கே போவா.”

வாடிக்கையாளர் சொல்வதில் பாதியை மட்டும் கேட்பது தொழில் முறை. தொழிலில் தேர்ந்த றவூப் ‘நின்னு போச்சு’ வரைக்கும் கேட்டுக்கொண்டு திருகாணிகளைக் கழற்றினார்.

உள்ளே வெள்ளை வெளேரென்று உறைந்து கிடந்தது. மோந்து பார்த்தார்.

“என்னத்த ஊத்தினீங்க?”

“தேங்காண்ண,” என்றாள் கருப்பம்மா. “வெள்ளிக்கிழமைக்கு வெள்ளிக்கிழமை.”

“மெசினுக்கும் எண்ண தேச்சுக் குளிப்பாட்டுறீங்களா? இந்தக் குளிருக்கு அது கட்டியாப் போகும்மா. பொறவு எப்பிடி ஓடும்?”

சுருள்வில்லை உருவி மண்ணெண்ணெயில் போட்டார். பற்சக்கரங்களில் அப்பியிருந்த தேயிலைத் தூசியைப் பழைய பிரஷ்ஷால் தேய்த்தார். வேகத்தைக் காக்கும் மூன்று ஈயக் குண்டுகளையும் பளபளப்பாக்கிப் புதுக் கிரீஸ் பூசினார். மத்தியானத்துக்குள் அவருக்கே தன் வேலை பிடித்துப்போயிற்று. அது நல்ல அறிகுறி அல்ல.

சாவி கொடுத்து ஊசியை வைத்தார். எந்த நோயும் இல்லாத ஒரு மனிதன் சந்தோஷமாகப் பாடினான். பக்கத்துத் துணிக்கடை ஜௌபர் எட்டிப் பார்த்து, “சோக்கா பாடுதே றவூப்!” என்றுவிட்டுப் போனார்.

கருப்பம்மா பெட்டியைப் பார்த்தாள்.

“இது யாரு?”

காலையில் விட்டுப்போன மறுபாதி றவூப்பின் காதில் அப்போதுதான் விழுந்தது. அவசரமாக வேகத் திருகைக் குறைத்தார். அதே ஆள் தூக்கக் கலக்கத்தில் பாடினான். இன்னும் குறைத்தார். ஆள் கிழவனானான். மூச்சு மட்டும் வாங்கவில்லை.

“இப்ப எப்பிடிம்மா?”

“ஊசிய எடுங்க.”

இராமையா மெதுவாகக் கேட்டார்: “மொதலாளி, மறுபடி தேங்காண்ண ஊத்தினா?”

“ஊத்தலாம்...” என்றார் றவூப், தன் கடையில் அப்படியொரு சொல் பிறந்ததை நம்பாமல்.

“வேணாங்க,” என்றாள் கருப்பம்மா. “இனி என்னத்த ஊத்தினாலும் உள்ள இந்த ஆளுதான் இருப்பான்.”

பஸ்ஸில் அவள் முன்னால் போய்ப் பெண்களோடு உட்கார்ந்துகொண்டாள். பெட்டியை மடியில் வைத்திருந்த இராமையாவிடம் பக்கத்து இருக்கைக்காரர், “பாட்டுப் பெட்டியா? வேலை செய்யுதா?” என்று கேட்டார்.

“ரொம்ப நல்லா வேலை செய்யுதுங்க,” என்றார் இராமையா.