நான் போகாத காலிமுகத்திடல்

ஒருநாளும் போயிராத இடத்துக்குத் திரும்பிப் போவது எப்படி என்று யாருக்காவது தெரிந்திருந்தால், சென்ற மாதம் எனக்குச் சொல்லித் தந்திருக்கலாம்.

என் மனைவி அன்ரோனெற்றுக்குக் கொழும்பில் பத்து மணிக்குக் கண் கிளினிக். மன்னாரில் இரவு பஸ் ஏறினால் விடியமுன் புறக்கோட்டையில் இறக்கிவிடுவார்கள். மீதி நேரத்துக்கு அவளே திட்டம் போட்டிருந்தாள்.

"காலிமுகக் கடற்கரைக்கு நடந்து போவம். நீங்கள் ஒவ்வொரு நாளும் நடந்த வழிதானே."

அப்படித்தான் நான் அவளுக்குக் கடிதங்களில் எழுதியிருந்தேன். 2007இல், எங்களுக்குக் கலியாணம் பேசி முடித்த கையோடு, கட்டாருக்கு வேலைக்குப் போவதற்காகக் கொழும்பு வந்தேன். ஏஜென்சிக்காரன் இன்றைக்கு, நாளைக்கு என்று இழுத்ததில், கட்டாரைக் காணாமல் கொட்டாஞ்சேனை லொட்ஜ் ஒன்றில் பதினான்கு மாதம் கிடந்தேன். மன்னார் பேசாலைப் பெடியன். சிங்களம் ஒரு சொல் தெரியாது. யுத்த காலம்; வீதியில் இறங்கினால் பொலிஸ் சோதனை. பிடித்துக்கொண்டு போனால் எப்போது விடுவார்கள் என்று தெரியாது. அதனால் நான் இறங்கவேயில்லை. ஊரில் படகு எஞ்சின் திருத்துகிறவன் நான். அந்தப் பதினான்கு மாதத்தில் திருத்தியது அறையின் காற்றாடி ஒன்றைத்தான். அதுவும் பிறகு ஓடவில்லை.

இதையெல்லாம் கட்டப்போகிற பெண்ணுக்கு எழுதலாமா? பக்கத்துக் கட்டில் நிப்ராஸ் புத்தளத்தான், சிங்களம் தண்ணீர்மாதிரிப் பேசுவான். பின்னேரங்களில் காலிமுகம் போய்வந்து கதைகதையாகச் சொல்வான். நான் அதைக் கேட்டு, 'நாங்கள் இன்றைக்கும் கடற்கரையில் நடந்தோம்' என்று எழுதுவேன். விடியற்காலைகள் மட்டும் என் சொந்தச் சரக்கு.

அந்தக் கடிதங்கள் முழுவதும் இப்போது அன்ரோனெற்றின் கைப்பைக்குள் இருந்தன.

"எந்தப் பக்கம்?" என்றாள், பஸ்ஸால் இறங்கியதும்.

கடற்கரையில் பிறந்தவனிடம் கேட்கிற கேள்வியா? காற்று வந்த பக்கம் நடந்தேன். கால் மணித்தியாலத்தில் துறைமுக வாசலில் போய் நின்றோம். காவலாளி கையை ஆட்டித் திருப்பி அனுப்பினான்.

"பாதையை மாத்திப்போட்டாங்கள்," என்றேன்.

"ஓம், துறைமுகத்தையும் தூக்கிக்கொண்டுவந்து வச்சிட்டாங்களாக்கும். விடுங்கோ. மணிக்கூட்டுக் கோபுரத்தைத் தாண்டோணும் எண்டு மூண்டாவது காயிதத்தில எழுதியிருக்கிறியள்."

அதன்பிறகு அவள் முன்னால், நான் பின்னால். கோட்டையின் பெரிய வெள்ளைக் கட்டடங்கள் இரண்டு பக்கமும் நெருக்கிக்கொண்டு நின்றன. யன்னல் எல்லாம் பூட்டு, கேற் எல்லாம் பூட்டு. ஒவ்வொரு சந்தியிலும் அவள் "இதில ஒரு தேத்தண்ணிக் கடை இருந்ததெல்லோ?" என்று கேட்பாள். நான் "அதை உடைச்சிட்டாங்கள்" என்பேன். காலிமுகம் போய்ச் சேரமுன்னம் ஆறு கடைகளை உடைத்துவிட்டேன்.

கடல் சாம்பல் நிறமாகக் கிடந்தது. கரைக் கட்டின்மேல் இருந்தோம். விளக்கு வெளிச்சத்தில் ஒரு கடிதத்தை விரித்து வாசித்தாள்: "'ஒவ்வொரு விடியலிலும் கடலுக்குள்ளிருந்து சூரியன் எழும்புவதை நாங்கள் பார்க்கிறோம்.' நாங்கள் எண்டா ஆர்?"

"நிப்ராஸ்."

"எல்லாக் காயிதத்திலயும் நாங்கள், நாங்கள். ஒண்டிலகூட நிப்ராஸின்ர பேர் இல்லை. கொழும்புக்கு நானும் வாறன் எண்டு கேட்டனான், வரவேண்டாம் எண்டு எழுதினியள். இந்த இடத்தில வச்சுச் சொல்லுங்கோ. ஆர் அவள்?"

அவள் என்னை நடத்திக்கொண்டு வந்தது இதற்குத்தான். நான் பொய்யன் என்று ஒத்துக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் அவள் நினைக்கிற ஆளாக இருக்க வேண்டும். அந்த ஆளாவது அறையைவிட்டு வெளியே போய் நடந்திருக்கிறான்; ஒரு கணம் அவன்மேல் எனக்குப் பொறாமைகூட வந்தது.

"சூரியன் வரட்டும், சொல்லுறன்," என்றேன். தவணை கேட்பதில் நான் கெட்டிக்காரன்.

இரண்டு பேரும் கடலையே பார்த்துக்கொண்டிருந்தோம். வானம் வெளுத்தது, தண்ணீர் நீலமானது. சூரியனைக் காணவில்லை. பிறகு என் பிடரியில் இளஞ்சூடாக ஏதோ பட்டது. எங்கள் இரண்டு நிழலும் நீளமாகக் கடலை நோக்கி விழுந்தன.

எங்கள் பேசாலையில் சூரியன் கடலுக்குள்ளிருந்துதான் வரும். கொழும்பின் கடல் மேற்கே கிடக்கிறது என்பது லொட்ஜ் அறைக்குள் இருந்து எழுதியவனுக்கு மண்டையில் ஓடவில்லை. வாசித்தவளும் பேசாலைக்காரி. அதனால்தான் இத்தனை வருடம் தப்பினேன்.

அன்ரோனெற் திரும்பினாள். கட்டடங்களுக்கு மேலே நின்ற சூரியனைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள்.

"நீங்கள் இங்க வரவேயில்லை."

"ஓம்."

"ஒருநாளும்?"

"இண்டைக்குத்தான்."

எல்லாவற்றையும் சொன்னேன். அவள் குறுக்கே பேசவில்லை. சொல்லி முடிந்ததும் கடிதத்தை மடித்துக் கைப்பைக்குள் வைத்தாள்.

"பதினேழு வருஷமா அவளுக்கு ஒரு முகம் வச்சிருந்தன்," என்றாள். "நல்ல உயரம். முழங்காலளவு தலைமயிர்."

"எனக்கு அப்பிடி ஒருத்தி அகப்பட்டிருப்பாளே?"

"பகிடி விடாதேங்கோ." முகத்தை என் பக்கம் திருப்பினாள். "அறைக்குள்ள என்ன செய்தனீங்கள்?"

"உனக்குக் காயிதம் எழுதினனான்."

"மற்ற நேரம்?"

"படியில சப்பாத்துச் சத்தம் கேக்குதோ எண்டு கேட்டுக்கொண்டிருந்தன்."

அதற்குமேல் எனக்குப் பகிடி வரவில்லை. அவள் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். அப்படிப் பிடித்தபடியே, "எவ்வளவு பொய், என்ர மாதாவே," என்று திட்டவும் செய்தாள்.

அந்த நேரம் இரண்டு பொலிஸ்காரர் கரையோரமாக வந்தார்கள். ஏதோ சிரிப்புக் கதை கதைத்துக்கொண்டு எங்களைப் பாராமலே கடந்து போனார்கள். அவர்கள் போனபிறகும் அன்ரோனெற் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். நானும் குனிந்து பார்த்தேன். என் அடையாள அட்டை, எனக்குத் தெரியாமலே, சேர்ட் பொக்கற்றிலிருந்து வெளியே வந்து விரல்களுக்கு நடுவே நீட்டிக்கொண்டிருந்தது.

அவள் அதை மெல்ல உருவித் தன் கைப்பைக்குள் போட்டு, சிப்பை இழுத்து மூடினாள்.

"கிளினிக்கில கேட்டாத் தாறன். எழும்புங்கோ, நடப்பம்."

"எங்க?"

"அந்தக் கடைசி மட்டும். நீங்கள் கடல் பக்கமா வாங்கோ."