ஒச்சம்மாளின் சூடு

முதல் லாக்டவுன் வந்த வருஷம் மட்டாஞ்சேரியில் ஒச்சம்மாளின் உள்ளங்கையில் வைத்த டம்ளர் தண்ணீர் கொதித்தது. தெருவை நடுவில் மூங்கில் கட்டி அடைத்திருந்தார்கள். அவள் வீடு இந்தப் பக்கம், பொதுக்குழாயும் மாயம்மாள் வீடும் அந்தப் பக்கம். யார் குடம் முதலில் என்று இருவருக்கும் கல்யாணமாகி வந்த நாளிலிருந்து தினமும் சண்டை. தமிழில் தொடங்கும், முற்றினால் மலையாளத்துக்குத் தாவும், முடிந்ததும் ஒரே கடையில் ஆளுக்கொரு பக்கம் திரும்பி நின்று சாயா குடிப்பார்கள். இப்போது தண்ணீர் கேனில் வந்தது. சண்டைக்கு வழியில்லை. போக்கிடம் இல்லாத கோபம் அவள் உடம்பிலேயே தங்கிவிட்டது.

இது விளங்க ஒருத்தருக்கும் துப்பில்லை. ஆலுவாவில் இருக்கும் மகன் பாண்டியராஜ் பெரிய போன் ஒன்று வாங்கி அனுப்பிவிட்டு, காலையும் மாலையும் அதில் வந்தான். உடம்பு எரியுதுடா என்றாள். படத்தில் நல்லாத்தான் தெரிகிறாய் என்றான். சிரிக்கச் சொன்னான், பேரப்பிள்ளைகள் பார்க்கிறார்களாம். சிரித்தாள். உட்கார்ந்திருந்த பிளாஸ்டிக் நாற்காலி இளகிச் சாய்ந்தது. சுகாதாரப் பணியாளர் ஷைலஜா வந்து நெற்றிக்கு நேரே கருவியைப் பிடித்தாள், அதில் எண்ணே வரவில்லை. மூக்கில் குச்சி விட்டுப் பார்த்ததில் நோய் இல்லை என்று வந்தது. இருந்தும் மேலே இருப்பவர்கள் சூடு சூடுதான் என்று சொல்லி, வாசலையும் தாண்டக்கூடாதென்று கதவைச் சாத்திப் போனார்கள். அறிவுகெட்ட ஜன்மங்கள்!

ஷைலஜாதான் பாவம் பார்த்து மாயம்மாளைப் போனில் பிடித்துக் கொடுத்தாள். ஒச்சம்மாள் வைதது அந்தப் பக்கம் போய்ச் சேருவதற்குள் மாயம்மாள் வேறெதையோ வைதுகொண்டிருந்தாள். பிறகு போனில் மாயம்மாளின் முகம் வாய் திறந்தபடியே உறைந்து நின்றுவிட்டது. நாலு வார்த்தை ஒழுங்காகத் திட்ட உதவாத சாமானுக்கு மாதாமாதம் ரீசார்ஜ் வேறு. அன்று தலையணை கருகியது. மறுநாள் கஞ்சி உதட்டுக்குப் போகும் முன்பே காய்ந்து பொருக்காகியது. இனி இவள் பிழைக்க மாட்டாள் என்று ஷைலஜா குழாயடியில் நின்று அழுதாள்.

மாயம்மாள் அதைக் கேட்டாள். மூங்கிலைப் பிடுங்கிப் போட்டாள். இடுப்பில் குடத்தோடு வந்து ஒச்சம்மாள் வீட்டுக் கதவை உதைத்துத் திறந்து நின்றாள்.

"எடீ ஒச்சம்மா, நீ செத்தா உன் குடத்த நான்தான் எடுப்பேன். என்னைக்கும் என் குடம்தான் மொதல்ல. கேக்குதா?"

ஒச்சம்மாள் எழுந்தாள். இரண்டு பேரும் மாஸ்க்கை இறக்கிவிட்டு உச்சி வெயில் சாயும்வரை வைதார்கள். ஒச்சம்மாள் உடம்பிலிருந்து கிளம்பிய ஆவியில் ஓட்டுக்கூரை நனைந்து உள்ளே சொட்டியது. போலீஸ் வந்து இருவரையும் மிரட்டியது. அவர்கள் போலீஸையும் சேர்த்து வைதார்கள். ஷைலஜா மறுபடி கருவியைப் பிடித்தாள். சாதாரணச் சூடு. போலீஸ் திரும்பக் கட்டிவிட்டுப் போன மூங்கிலை மறுநாள் ஒரு ஆள் நுழையும் அளவுக்கு ஷைலஜாவே அவிழ்த்துவிட்டாள்.

எல்லாம் திறந்து வருஷங்கள் ஆகின்றன. வைப்பினுக்குப் படகு ஓடுகிறது, ஆலுவாவுக்குப் பஸ் ஓடுகிறது. பாண்டியராஜ் இன்னும் போனில்தான் வருகிறான். எப்போதடா வருவாய் என்று கேட்டால், "அதான் தெனமும் பாக்குறோமேம்மா" என்கிறான். அதைக் கேட்டு ஏறும் சூடு மட்டும் மாயம்மாளோடு சண்டை போட்டாலும் இறங்குவதில்லை. அதனால் மகன் கூப்பிடும் நேரத்துக்கு ஒச்சம்மாள் அரிசியைக் கழுவிப் பானையை மடியில் வைத்துக்கொள்கிறாள். அவன் போனை வைப்பதற்குள் சோறு வெந்துவிடுகிறது. மாயம்மாளுக்கும் சேர்த்தேதான் அரிசி போடுகிறாள்.