அடக்குதா, தூண்டுதா?

மருந்துத் தரவுகளையும் மரபணுத் தரவுகளையும் ஆய்வகக் கணினியில் இணைத்ததிலிருந்து தங்கைக்கு இருப்புக் கொள்ளவில்லை. அக்காவின் கைநடுக்கத்துக்குக் காரணமான மரபணுவை ஒரு வயிற்று மாத்திரை தொடுவதாகத் திரை காட்டியது. அக்கா தினமும் விழுங்கும் மாத்திரைதான் அது.

"அப்போ நல்லதுதானே?" என்றார் பக்கத்து மேசைக்காரர்.

"தொடுதுன்னு மட்டும்தான் தெரியுது. அடக்குதா, தூண்டுதான்னு பாக்கணும். அடக்கினா நடுக்கம் குறையும், தூண்டினா கூடும்."

நகத்தைக் கடித்தபடி இன்னொரு தரவையும் சேர்த்தாள். மாத்திரை அந்த மரபணுவைத் தூண்டியது. உடனே அக்காவுக்குப் போன் போட்டாள்.

"அந்த வயித்து மாத்திரைதான் உன் கைநடுக்கத்தக் கூட்டுது போல. நீயா நிறுத்திடாதக்கா. டாக்டர்கிட்ட சொல்லி வேற மாத்திரை கேளு."

"வயித்துக்குப் போட்டது கைக்கு வினையா? நல்லா இருக்குடி கதை!"

மருத்துவர் விசாரித்து மாத்திரையை மாற்றினார். நோய் போகவில்லை, நடுக்கம் குறைந்தது. அக்கா சட்டைப் பொத்தானைத் தானே போட்டுக்கொண்டாள். அப்படியும் தங்கைக்கு மனம் அடங்கவில்லை. திரையில் இப்படிப் பார்க்க வேண்டிய மருந்துகள் இன்னும் எத்தனையோ பாக்கியிருந்தன.